துவாரம் வெங்கடசாமி நாயுடு

துவாரம் வெங்கடசாமி நாயுடு (நவம்பர் 8, 1893 – நவம்பர் 25, 1964) புகழ் பெற்ற கருநாடக இசை வயலின் கலைஞரும் இசை ஆசிரியரும் ஆவார். ஆந்திரப் பகுதியிலுள்ள விஜயநகரம் மகாராஜா இசைக் கல்லூரியில் வயலின் ஆசிரியராகப் பணியில் சேர்ந்து, பின்னர் அதன் முதல்வராக உயர்ந்தவர். பாடகருக்குப் பக்கவாத்தியமாகவே பெரிதும் அறியப்பட்டிருந்த வயலினை, கச்சேரியின் முதன்மைக் கருவியாக மேடையேற்றியவர்களுள் இவர் முக்கியமானவர். மைசூர் சௌடையா (1895–1967), கும்பகோணம் இராஜமாணிக்கம் பிள்ளை (1898–1970) ஆகிய இருவருடன் சேர்த்து இவரையும் அக்காலத்து வயலின் மும்மூர்த்திகள் என்று இசை அன்பர்கள் குறிப்பிடுவர். ஆந்திர மக்களிடையே பிடில் நாயுடு என்ற பெயரும் இவருக்கு வழங்கியது.

பிறப்பும் இளமையும்

வெங்கடசாமி நாயுடு 1893 ஆம் ஆண்டு தீபாவளி நாளன்று பெங்களூரில் பிறந்தார். தந்தையார் படையில் பணியாற்றியவர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இக்குடும்பம் பின்னர் விசாகப்பட்டினத்தில் வாழ்ந்தது. வெங்கடசாமி வளர்ந்ததும் அங்கேதான். வீட்டில் இசைப் பழக்கம் இருந்தது. மூத்த சகோதரர் வெங்கடகிருஷ்ணய்யாவே இவருக்கு வயலின் கற்றுக்கொடுத்த முதல் ஆசிரியர்.

சிறு வயதிலேயே இவருக்குக் கண்பார்வை குறைவாக இருந்தது. அதன் காரணமாகப் பள்ளிப் படிப்பைத் தொடர இயலாமற் போயிற்று. அரசுப் பணிக்கோ வேறு எழுத்துப் பணிக்கோ செல்லும் வழி இதனால் அடைபட்டது. இசையைத் தொழிலாகக் கொள்வதைத் தவிர இவருக்கு வேறு வாய்ப்பு அதிகம் இருக்கவில்லை. ஆயினும் பெயர் பெற்ற ஒரு வித்துவானின் வீட்டில் தங்கிப் பல ஆண்டுகள் குருகுலவாசம் செய்யும் வாய்ப்பும் இவருக்கு அமையவில்லை. சகோதரரிடம் பெற்ற அடிப்படைப் பயிற்சியின் மீது, கேள்வி ஞானத்தாலும் இடைவிடாத சாதகத்தாலும் தம் வாசிப்பைத் தாமே அமைத்துக்கொண்டார். பித்தாபுரம் சமத்தானத்தின் வீணைக் கலைஞர் துமரடா சங்கமேசுவர சாத்திரியின் வாசிப்பில் இவர் பெரிதும் ஈடுபாடு கொண்டிருந்தார் என்பர். இவருடைய வயலினில் கேட்கும் நிதானமான ஒலிக்கு இந்த வீணைக் கேள்வியும் ஒரு காரணமாகலாம்.

விஜயநகரம் இசைக் கல்லூரி

இங்குக் குறிப்பிடப்படும் விஜயநகரம், கன்னட நாட்டில் அம்பி நகரைத் தலைநகராகக் கொண்டிருந்த விஜயநகரப் பேரரசு அன்று. இது விசாகப்பட்டினத்திற்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவிலுள்ள ஊர். அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெரிய ஜமீன்களுள் ஒன்றின் தலைமையிடமாக விளங்கியது. இதன் மன்னராக விளங்கிய பூசபாடி விஜயராம கஜபதி ராஜு 1919 ஆம் ஆண்டில் இங்கு ஓர் இசைப் பள்ளியை நிறுவினார். சமத்தான அலுவலர் ஒருவரின் பார்வையற்ற மகன் இசை கற்க வேண்டும் என்பதற்காகவே இப்பள்ளி தொடங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. அரிகதைக் கலையில் தெலுங்கு நாட்டின் பெரும் ஆளுமையாகத் திகழ்ந்த ஆதிபட்ல நாராயண தாசு (1864–1945) அதன் முதல் தலைவராக அமர்த்தப்பட்டார்.

வெங்கடசாமி நாயுடு இப்பள்ளியில் மாணவராகச் சேரும் எண்ணத்துடனேயே விஜயநகரம் சென்றார் என்றும், அவருடைய வாசிப்பைக் கேட்ட நாராயண தாசு, இவருக்குக் கற்பிக்க இங்கு எவரும் இல்லை என்று முடிவு செய்து அவரை ஆசிரியராகவே நியமித்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. இசைக் கலைஞர்களின் வாழ்க்கையில் இத்தகைய கதைகள் மிகுதி. அவற்றை அப்படியே கொள்வதில் எச்சரிக்கை தேவை. எவ்வாறாயினும், பள்ளி தொடங்கிய 1919 ஆம் ஆண்டிலேயே, ஏறத்தாழ 26 ஆம் வயதில், இவர் அங்கு வயலின் பேராசிரியரானார் என்பது உறுதி. பெரிய குருவின் பெயரோ பள்ளிச் சான்றிதழோ இல்லாத ஓர் இளைஞருக்கு இப்பதவி கிடைத்தது சிறிய செய்தியன்று.

அக்காலத்தில் தென்னிந்தியாவில் இசைக்கெனத் தனிக் கல்லூரிகள் மிகக் குறைவு. சிதம்பரத்தில் இராஜா அண்ணாமலை இசைக் கல்லூரி 1929 ஆம் ஆண்டிலும், திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் பெயரால் வழங்கும் இசைக் கல்லூரி 1939 ஆம் ஆண்டிலும், சென்னையில் அரசு கருநாடக இசைக் கல்லூரி 1949 ஆம் ஆண்டிலும் தோன்றின. இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகவே விஜயநகரத்தில் வகுப்பறையில் இசை கற்பிக்கும் முறை நடைமுறைக்கு வந்துவிட்டது. நாராயண தாசு 1936 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றபோது வெங்கடசாமி நாயுடு கல்லூரியின் முதல்வரானார்.

பக்கவாத்தியமும் தனிக் கச்சேரியும்

வயலின் ஐரோப்பியக் கருவி. முத்துசாமி தீட்சிதரின் இளைய சகோதரர் பாலுசாமி தீட்சிதர் (1786–1858) சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பியரிடமிருந்து அதைக் கற்று, கருநாடக இசைக்கு ஏற்றதாக்கினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு திருவிதாங்கூர் அரசவையில் அதை வாசித்தார்; மன்னர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தால் அணி செய்யப்பட்ட வயலின் ஒன்றைப் பரிசளித்தார். பின்னர் திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யர் (1857–1913), மலைக்கோட்டை கோவிந்தசாமி பிள்ளை (1879–1931) முதலியோர் கைகளில் இக்கருவி முழு வளர்ச்சி பெற்றது. கருவியை நின்றுகொண்டு தோளில் ஏந்தி வாசிக்கும் ஐரோப்பிய முறை மாறி, தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதியை வலக் கால் கணுக்காலில் ஊன்றி வாசிக்கும் முறை நிலைபெற்றது. இதனால் இடக்கை கருவியைத் தாங்கும் சுமையிலிருந்து விடுபட்டுத் தந்தியின் மீது மேலும் கீழும் வழுக்கிச் செல்ல முடிந்தது. கமகங்களுக்கு இது இன்றியமையாதது. நான்கு தந்திகளும் சட்சமம், பஞ்சமம், மேல் சட்சமம், மேல் பஞ்சமம் என்று பாடகரின் சுருதிக்கு ஏற்பக் கூட்டப்பட்டன.

இவ்வளவு வளர்ந்த பின்னரும் வயலின் கலைஞரின் இடம் பாடகரின் பக்கத்திலேயே இருந்தது. பாடகர் ஆலாபனை செய்யும்போது நிழல் போல் பின்தொடர்வதும், அவர் மூச்சு வாங்கும் இடைவெளியை நிரப்புவதும், தம் முறை வரும்போது சுருக்கமாக வாசித்து விலகுவதும் பக்கவாத்தியக்காரரின் கடமைகள். எந்தப் பாட்டு, எந்த இராகம், எவ்வளவு நேரம் என்பவற்றைப் பாடகரே முடிவு செய்வார். சுருதியும் பாடகருடையதே. தாழ்ந்த சுருதியில் பாடுபவருக்கு வாசிக்கும்போது தந்திகள் தளர்ந்து ஒலியின் செறிவு குறைவதையும் வயலின் கலைஞர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு முன்னரும் வயலின் தனியாக ஒலித்தது உண்டு. ஆயினும் மாலை முழுவதும் நடைபெறும் கச்சேரியை வயலின் கலைஞர் ஒருவர் தம் பெயரில் நடத்தி, மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கிக் கேட்பது வழக்கத்தில் இல்லை.

வெங்கடசாமி நாயுடு தம் காலத்துப் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பெயர் பெற்றவரே. எனினும் வயலினால் தனித்து நிற்க முடியும் என்று அவர் கருதினார். 1938 ஆம் ஆண்டில் வேலூரில் தம் முதல் தனி வயலின் கச்சேரியை நிகழ்த்தினார். அப்போது அவருக்கு வயது 44. கல்லூரி முதல்வராகி இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. புதுமை செய்து பெயரெடுக்க வேண்டிய இளைஞரின் செயலாக இதைக் கொள்ள இயலாது. அதற்குப் பின் தனிக் கச்சேரிகளே இவருடைய மேடை வாழ்வின் முதன்மைப் பகுதியாயின.

இதே காலத்தை ஒட்டி ஐரோப்பாவிலும் இதையொத்த மாற்றம் ஒன்று நிகழ்ந்ததை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கருவியான செல்லோ, பிற கருவிகளுக்கு அடித்தளமாக ஒலிப்பதற்கே பெரிதும் பயன்பட்டு வந்தது. பாக் எழுதிய தனிச் செல்லோ இசைத் தொகுப்புகள் வெறும் பயிற்சிப் பாடங்களாகக் கருதப்பட்டன. கட்டலோனியாவைச் சேர்ந்த பாப்லோ காசல்ஸ் (1876–1973) அவற்றை முழுமையாக மேடையில் வாசித்து அந்நிலையை மாற்றினார். அவரும் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கற்பித்தலில் செலவிட்டவரே. ஆயினும் காசல்சுக்குப் பாக் எழுதி வைத்த தனி இசை கையில் இருந்தது. வெங்கடசாமி நாயுடுவுக்கு அப்படி எதுவும் இல்லை. வாயால் பாடுவதற்கென்று இயற்றப்பட்ட கீர்த்தனைகளையே அவர் சொற்களின்றி வாசிக்க வேண்டியிருந்தது.

வாசிப்பு முறை

பாடலின் சொற்கள் இல்லாமல் கீர்த்தனையை வாசிக்கும்போது, அதை அறிந்த இரசிகர் தம் மனத்தில் சொற்களை நிரப்பிக்கொள்வார். அதற்கு வில்லின் போக்கு சொற்களின் பிரிவோடு ஒத்துச் செல்ல வேண்டும். ஒரு சொல்லின் நடுவே வில் திரும்பினால் பாட்டு சிதைந்துவிடும். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட நாயுடுவுக்குத் தியாகராசரின் கீர்த்தனைகளை இவ்வாறு வாசிப்பதில் இயல்பான வசதி இருந்தது எனலாம்.

இவருடைய வாசிப்பின் சிறப்பு வில்லில் இருந்தது என்பது பொதுவான கருத்து. வில்லை முழு நீளத்திற்கும் இழுத்து, ஒரே அழுத்தத்தில் நீண்ட ஒலியை எழுப்புவது இவர் பாணி. மேலை நாட்டு வயலின் வாசிப்பைக் கூர்ந்து கேட்டு, அதிலிருந்து வில்லைக் கையாளும் முறைகள் சிலவற்றை எடுத்துக்கொண்டார். ஆனால் அவற்றை இராகத்தின் இயல்புக்கு மாறாகப் பயன்படுத்தவில்லை. மைசூர் சௌடையா அரங்கின் கடைசி வரிசைக்கும் ஒலி சென்று சேர வேண்டும் என்பதற்காக ஏழு தந்திகள் கொண்ட வயலினை உருவாக்கி வாசித்தார். ஒலிபெருக்கிகள் பரவாத காலத்தில் அது ஒரு வழி. நாயுடு நான்கு தந்திகளிலேயே நின்று, வில்லின் நேர்த்தியால் ஒலியைப் பெருக்க முயன்றார். இரண்டுக்கும் இரசிகர்கள் இருந்தனர். சௌடையாவின் வாசிப்பில் கம்பீரமும், நாயுடுவின் வாசிப்பில் இனிமையும், இராஜமாணிக்கம் பிள்ளையின் வாசிப்பில் தஞ்சை மரபின் தூய்மையும் மேலோங்கின என்று பழைய இரசிகர்கள் பிரித்துச் சொல்வது உண்டு. இத்தகைய பகுப்புகள் ஓரளவுக்கே பொருந்தும்.

சுருதி சுத்தத்தில் இவர் மிகுந்த கவனம் செலுத்தினார். தம்புராவின் ஒலி இயல்புகளைப் பற்றியும் ஆராய்ந்து கட்டுரை எழுதியுள்ளார். நன்கு சுருதி சேர்த்த தம்புராவில் சட்சமத் தந்தியை மீட்டும்போது, எவரும் வாசிக்காத அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும். தந்தியின் ஐந்தாவது மேற்சுரமே இவ்வாறு ஒலிக்கிறது. வயலினில் வீணையைப் போல மெட்டுகள் கிடையா. விரல் எங்கு அமர வேண்டும் என்பதைச் செவி ஒன்றே சொல்ல வேண்டும்.

இவர் வாசித்த 78 சுழற்சி இசைத்தட்டுகளும் வெளிவந்தன. தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது மூன்றரை நிமிடங்களே வாசிக்க இயலும். மணிக்கணக்கில் விரியும் ஆலாபனைக்குப் பழகிய கலைஞருக்கு இது கடுமையான கட்டுப்பாடு. ஆயினும் இன்று இவரைக் கேட்க விரும்புவோருக்கு இத்தட்டுகளும், எஞ்சியுள்ள சில கச்சேரிப் பதிவுகளுமே துணை.

ஆசிரியப் பணி

விஜயநகரத்திலிருந்து சென்னைக்குத் தொடர்வண்டிப் பாதையில் 800 கி.மீ.க்கு மேற்பட்ட தொலைவு உண்டு. கருநாடக இசையின் சபாக்களும் பத்திரிகைகளும் இசைத்தட்டு நிறுவனங்களும் சென்னையில் குவிந்திருந்தன. பெரும் கலைஞர்கள் பலர் தஞ்சையையும் மதுரையையும் விட்டுச் சென்னையில் குடியேறிய காலம் அது. அக்காலத்தில் நாயுடு தம் வாழ்வின் பெரும்பகுதியை விஜயநகரத்து வகுப்பறைகளிலேயே கழித்தார். மேடைக்காகப் பயணம் செய்வதும், திரும்பி வந்து வகுப்பு எடுப்பதுமாக அவருடைய ஆண்டுகள் சென்றன.

குருகுலத்தில் மாணவர் ஆசிரியரின் வீட்டில் தங்கி, அவர் வாசிக்கும்போதெல்லாம் கேட்டு, பணிவிடை செய்து, பல ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்வார். கல்லூரியிலோ குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட பாடத்திட்டம், குறிப்பிட்ட ஆண்டுகளில் தேர்வு என்ற ஒழுங்கு உண்டு. ஒரு வகுப்பில் பலர் இருப்பர். அனைவருக்கும் ஒரே திறமை இருக்காது. இவ்வாறு கற்றால் வித்துவான்கள் உருவாக மாட்டார்கள் என்ற குறை அப்போதே கூறப்பட்டது; இன்றும் கூறப்படுகிறது. இக்குறையில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் இசைக் குடும்பத்தில் பிறவாதவர்களுக்கும், குருவின் வீட்டில் தங்க வழியில்லாதவர்களுக்கும், பெண்களுக்கும் இக்கல்லூரி வாயிலைத் திறந்துவிட்டது என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

இதற்குத் தமிழ் வாசகர்கள் நன்கறிந்த இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு. திரைப்படப் பாடகர் கண்டசாலா (1922–1974) வறுமையான நிலையில் விஜயநகரம் வந்து, வீடு வீடாக உணவு பெற்றுக்கொண்டு இக்கல்லூரியில் இசை பயின்றவர். பட்ராயனி சீதாராம சாத்திரி அவருக்கு ஆசிரியராக விளங்கினார். நாயுடு அப்போது கல்லூரி முதல்வர். பிற்காலத்தில் தமிழ்த் திரையிசையில் நீங்கா இடம் பெற்ற பி. சுசீலாவும் விஜயநகரத்தில் பிறந்து இதே கல்லூரியில் முறையாக இசை பயின்று பட்டயம் பெற்றார். இவர்கள் திரைத்துறைக்குச் சென்றதால் இவர்களுடைய செவ்வியல் பயிற்சி எங்கு நிகழ்ந்தது என்பது பலருக்கும் தெரியாமல் போயிற்று. செவ்வியல் மேடையில் புகழ் பெற்ற நேதுனூரி கிருஷ்ணமூர்த்தியும் (1927–2014) இளமையில் இக்கல்லூரியில் பயின்றவரே. நூகல சின்ன சத்தியநாராயணா நாயுடுவிடம் கற்றவர்களுள் ஒருவர்.

நாயுடுவின் குடும்பத்தினர் பலரும் வயலினைத் தொடர்ந்தனர். துவாரம் நரசிங்க ராவ் நாயுடு பின்னாளில் இதே கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றினார். மகள் துவாரம் மங்கத்தாயாரு தந்தையிடம் கற்று மேடைக் கலைஞராக விளங்கினார். இவர்களால் ஆந்திரத்தில் துவாரம் பாணி என்று ஒரு வாசிப்பு முறை நிலைபெற்றது.

மெனுகின் கேட்ட வாசிப்பு

ஐரோப்பிய இசையின் மிகப் புகழ் பெற்ற வயலின் கலைஞர்களுள் ஒருவரான யெகுதி மெனுகின் (1916–1999), பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1952 ஆம் ஆண்டில் முதன்முறையாக இந்தியா வந்தார். பஞ்ச நிவாரண நிதிக்காகப் பல நகரங்களில் வாசித்தார். யோகாசன ஆசிரியர் பி. கே. எஸ். ஐயங்காரை அவர் சந்தித்ததும் இப்பயணத்தில்தான். சென்னை வந்தபோது உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி. வி. இராஜமன்னாரின் இல்லத்தில் வெங்கடசாமி நாயுடுவின் வாசிப்பைக் கேட்டு வியந்து பாராட்டினார்.

இந்நிகழ்ச்சி நாயுடுவைப் பற்றிய எல்லாக் குறிப்புகளிலும் தவறாமல் இடம்பெறுகிறது. மேலைநாட்டார் ஒருவரின் பாராட்டு என்பதனாலேயே அதற்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் தரப்பட்டுவிட்டது எனத் தோன்றுகிறது. அதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே சென்னை இசை உலகம் அவரைத் தன் உயர்ந்த இடத்தில் அமர்த்தியிருந்தது. எனினும் ஒரு வகையில் அச்சந்திப்பு பொருத்தமானதே. ஐரோப்பாவிலிருந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் வந்த கருவி தரையில் அமர்ந்தவர் ஒருவர் கையில் என்னவாகியிருந்தது என்பதை, அக்கருவியின் தாயகத்தில் தலைசிறந்து விளங்கியவர் அருகிலிருந்து கேட்டார்.

பட்டங்களும் விருதுகளும்

சென்னை மியூசிக் அகாதமியின் 1941 ஆம் ஆண்டு மாநாட்டிற்கு நாயுடு தலைமை தாங்கினார். அகாதமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றோர் வரிசையில் அவ்வாண்டுக்குரியவராக இவர் பெயர் உள்ளது. ஆந்திரப் பல்கலைக்கழகம் கலாப்பிரபூர்ண பட்டம் வழங்கியது. 1953 ஆம் ஆண்டில் சங்கீத நாடக அகாதமி விருதும், 1957 ஆம் ஆண்டில் இந்திய அரசின் பத்மசிறீ விருதும் பெற்றார்.

மறைவும் நினைவும்

வெங்கடசாமி நாயுடு 1964 ஆம் ஆண்டு நவம்பர் 25 ஆம் நாள் தம் 71 ஆம் வயதில் காலமானார். இவருடைய நூற்றாண்டை ஒட்டி 1993 ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது. விசாகப்பட்டினத்தில் துவாரம் வெங்கடசாமி நாயுடு கலாட்சேத்திரம் என்ற அரங்கும், சென்னையில் இவர் பெயரில் ஓர் அறக்கட்டளையும் உள்ளன. விஜயநகரத்து இசைக் கல்லூரி பின்னர் அரசின் பொறுப்பில் வந்து, மகாராஜா அரசு இசை, நடனக் கல்லூரி என்ற பெயரில் இயங்கி வருகிறது. 2019 ஆம் ஆண்டில் அக்கல்லூரிக்கு நூறு ஆண்டுகள் நிறைந்தன. நாயுடுவுக்குப் பின் லால்குடி ஜெயராமன் (1930–2013), எம். எஸ். கோபாலகிருஷ்ணன் (1931–2013) முதலியோர் தனி வயலின் கச்சேரியைத் தொடர்ந்து நடத்தினர். அவர்கள் காலத்தில் அதைப் புதுமை என்று எவரும் குறிப்பிடவில்லை.